சுற்றுவதெல்லாம் ஓடாது!

இந்த வாரக் கடிதக் கட்டைப் பிரித்தால் பாதிக்கு மேல் ரிமோட் கார் கேள்விகள். அதிலும் பெரும்பாலானவை விளாத்திகுளம் வட்டாரத்திலிருந்து. கோடை விடுமுறை செய்யும் வேலை இது. ஆகவே இந்த இதழ் முழுக்க மோட்டாருக்கே. சினிமா, அரசியல் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும். அரசியல் அதற்குள் மாறிவிட்டால் நான் பொறுப்பல்ல.

கேள்வி: மோட்டாரை 'டியூன்' பண்ணுவது என்றால் என்ன? எதையாவது திருகினால் வேகம் கூடிவிடுமா?
– பாலிடெக்னிக் மாணவர், விளாத்திகுளம்

பதில்: கூடும். சூடும் சேர்ந்து கூடும். பேச்சுக்கு, பேட்டரியிலிருந்து மோட்டார் 100 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 சக்கரத்துக்குப் போனால் மிச்சம் 40 சூடாகி வீணாகிறது. கம்பியின் தடை கொஞ்சம், கார்பன் உரசல் கொஞ்சம், பேரிங்கின் இழுவை கொஞ்சம், பல்சக்கரம் இறுகிக் கிடப்பதால் கொஞ்சம். இந்த 40-ஐ 30 ஆக்குவதுதான் டியூனிங். புதிதாக எந்தச் சக்தியையும் நாம் உள்ளே ஊற்றுவதில்லை; ஒழுகுவதை அடைக்கிறோம். மேசை மேல் பிடித்துக்கொண்டு 'விர்ர்' என்று சுற்றவிட்டு மகிழாதீர்கள் தம்பி. சுற்றுவதெல்லாம் ஓடாது.

கேள்வி: என் மகன் மிக்ஸியைப் பிரித்து, அந்த மோட்டாரை ரிமோட் காரில் வைக்கப் போகிறானாம். நடக்குமா?
– சட்னி அரைக்க வழியில்லாத தாய், சூரங்குடி

பதில்: நடக்காது தாயி. மிக்ஸி மோட்டாரில் காந்தமே கிடையாது. உள்ளேயும் சுருள், வெளியேயும் சுருள். 230 வோல்ட்டுக்குக் கட்டியது. காரில் இருக்கும் 7.4 வோல்ட் பேட்டரியைக் கொடுத்தால் முனகக்கூட யோசிக்கும். ஆனாலும் பையனை ரொம்பத் திட்டாதீர்கள். மிக்ஸிக்குள் அவன் பார்த்த ஆர்மேச்சர் (சுழலும் சுருள்), கம்யூட்டேட்டர் (அதன் முனையில் உள்ள செம்புத் துண்டுகள்), கார்பன் (அவற்றை உரசும் கட்டை) மூன்றும் அவனுடைய காரின் சாதாரண மோட்டாரிலும் உண்டு. பாடம் சரி, எடுத்த புத்தகம்தான் தப்பு. திரும்ப மாட்டிக்கொடுக்கச் சொல்லுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கையை வைத்தானா என்பதையும் விசாரியுங்கள்.

கேள்வி: 27 டர்ன், 21.5 டர்ன், 13.5 டர்ன் என்கிறார்கள். எந்த எண் பெரியதோ அதுதானே பெரிய மோட்டார்?
– விலைப்பட்டியலோடு குழம்பியவர், புதூர்

பதில்: தலைகீழ். காரோடு வரும் வெள்ளி நிற மோட்டாரை 540 என்பார்கள். ஏறக்குறைய 36 மில்லிமீட்டர் தடிமன், 50 மில்லிமீட்டர் நீளம். அதன் ஆர்மேச்சரில் மூன்று பல். ஒவ்வொரு பல்லிலும் கம்பியை எத்தனை முறை சுற்றியிருக்கிறது என்பதுதான் டர்ன். வெள்ளி மோட்டாரில் 27. சுற்று குறைந்தால் அதே இடத்தில் தடித்த கம்பி அடங்கும். தடை குறையும், ஆம்பியர் பாயும், வேகம் ஏறும், பேட்டரி சீக்கிரம் கையை விரிக்கும். சுற்று கூடினால் வேகம் குறையும், ஆனால் ஒவ்வொரு ஆம்பியருக்கும் கிடைக்கிற இழுவை கூடும். எண் சிறுக்கச் சிறுக்க வண்டி முரடு.

கேள்வி: அது என்ன 13.5, 17.5? அரைச் சுற்று எங்கே போயிற்று?
– கணக்கு வாத்தியார், நாகலாபுரம்

பதில்: கார்பன் பிரஷ்ஷே இல்லாத பிரஷ்லெஸ் மோட்டாரில் கம்பி ஒரு முனையில் நுழைந்து மறு முனையில் வெளியேறுகிறது. நுழைந்த பக்கமே திரும்பியிருந்தால் முழு எண். வாத்தியாருக்கு நிம்மதி; கணக்கில் தவறில்லை.

கேள்வி: பந்தயம் என்றால் இருப்பதிலேயே பலமான மோட்டாரைப் போட்டு ஓட்ட வேண்டியதுதானே? ஏன் இந்த மோட்டார்தான் போட வேண்டும் என்று கட்டுப்பாடு?
– ரேக்ளா ரசிகர், குளத்தூர்

பதில்: உங்கள் ஊர்க் கோயில் கொடையில் மாட்டு வண்டிப் பந்தயம் விடும்போது பெரிய மாடு தனி, சின்ன மாடு தனி, பூஞ்சிட்டு தனி என்று பிரிக்கிறார்களே, ஏன்? பெரிய மாட்டோடு பூஞ்சிட்டை விட்டால் யார் ஜெயிப்பார் என்பதற்குப் பந்தயமே தேவையில்லை. தூரம்கூட ஒவ்வொன்றுக்கும் வேறு. இங்கேயும் அப்படித்தான். 21.5 தொடங்குகிறவர்களுக்கு, 17.5-ம் 13.5-ம் கை தேறியவர்களுக்கு, சுற்றுக் கட்டுப்பாடே இல்லாத 'மாடிஃபைட்' சூரர்களுக்கு. எல்லாரிடமும் ஒரே டர்ன் இருக்கும்போதுதான் சாரதி யார், மாட்டைத் தேற்றியவர் யார் என்பது தெரியும். டியூனிங் என்ற கலை பிறந்ததே கட்டுப்பாட்டால்தான்.

கேள்வி: மோட்டார் மேல் 3000 கேவி என்று போட்டிருக்கிறது. தொட்டால் ஷாக் அடிக்குமா?
– பயந்த சுபாவம், வேம்பார்

பதில்: பெரிய டவர்களிலேயே 400, 765 கிலோவோல்ட்தான். உங்கள் மோட்டார் அவற்றை மிரட்டவில்லை. இந்தக் கேவி, ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்ற கணக்கு. 3,000-ஐ 7.4-ஆல் பெருக்கினால் 22,200 சுற்று, சுமை இல்லாதபோது. மோட்டார் ஆறு சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று என்று கியர் அமைத்திருந்தால் சக்கரத்துக்கு 3,700. டயரின் விட்டம் 63 மில்லிமீட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு 198 மில்லிமீட்டர் நகரும். ஆக நிமிடத்துக்கு 732 மீட்டர், மணிக்கு 44 கிலோமீட்டர். இது காகிதத்தில் ஓடும் வேகம். தரையில் இறங்கினால் சுமையும் காற்றும் தங்கள் கமிஷனை எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: பைக் மெக்கானிக் நான். எங்கள் தொழிலில் டைமிங் என்றால் ஸ்பார்க் எப்போது அடிக்கிறது என்பது. மின்மோட்டாரில் டைமிங் எங்கிருந்து வந்தது?
– ஸ்பேனர் பிடிப்பவர், எட்டயபுரம்

பதில்: பாதி விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. சுருளுக்குள் மின்சாரம் நுழைந்த உடனே முழு அளவுக்கு ஏறிவிடாது, நேரம் பிடிக்கும். நிமிடத்துக்கு 20,000 சுற்றும் மோட்டாருக்கு ஒரு சுற்றுக்குக் கிடைப்பது மூன்றே மில்லி செகண்ட். அதற்குள் மூன்று சுருளிலும் மின்சாரம் தலா இரண்டு முறை திசை மாறியாக வேண்டும். அதனால் உரிய இடம் வருவதற்குச் சில டிகிரி முன்பே மாற்றிவிடுகிறோம்.

பிரஷ் மோட்டாரில், கார்பன் உட்கார்ந்திருக்கும் மூடியைச் சுழலும் திசைக்கு எதிராகச் சற்றே திருப்புவார்கள். பிரஷ்லெஸ் மோட்டாரில், சென்சார் பலகை இருக்கும் பின்மூடியைத் திருப்புவார்கள். டைமிங் ஏற ஏற உச்ச வேகம் கூடும், புறப்படும்போதுள்ள இழுவை குறையும், ஆம்பியர் ஏறும்.

கையோடு ஒரு வழிமுறை சொல்கிறேன். பழைய இடத்தில் மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். சும்மா சுற்றவிட்டு ஆம்பியரைக் குறியுங்கள். ஐந்து ஐந்து டிகிரியாக ஏற்றுங்கள். சுற்று கொஞ்சமாக ஏறி, ஆம்பியர் மட்டும் தாவுகிற இடம் ஒன்று வரும். அங்கிருந்து ஒரு படி பின்வாங்குங்கள். அதற்கு மேல் திருப்பினால் பேட்டரியைக் கரைத்து வெந்நீர் போடுகிறீர்கள் என்று பொருள்.

கேள்வி: என் கார் முன்னால் பறக்கிறது, ரிவர்ஸில் நொண்டுகிறது. கியர் கோளாறா?
– பிளஸ் டூ மாணவர், விளாத்திகுளம்

பதில்: மேலே சொன்ன பதிலையே ரிவர்ஸில் படியுங்கள். முன்னோக்கி ஓடும்போது முந்திக்கொள்ளும் டைமிங், பின்னோக்கி ஓடும்போது அதே அளவு பிந்திவிடும். கோளாறு இல்லை. பந்தயத்தில் பின்னால் போகிறவருக்குப் பரிசும் இல்லை.

கேள்வி: முப்பது வருடமாகத் தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறேன். ஒரு பையன் இந்தக் குட்டி மோட்டாரைக் கொண்டுவந்து 'கட்டித் தாங்க' என்கிறான். கட்டலாமா?
– வைண்டிங் கடைக்காரர், விளாத்திகுளம்

பதில்: கட்டலாம் அண்ணாச்சி. உங்கள் கைக்கு இது பொம்மை வேலைதான். ஆனால் இரண்டு இடத்தில் ஏமாற்றிவிடும்.

முதலாவது, சமநிலை. இது 20,000 சுற்றுக்கு மேல் ஓடும் சாமான். ஒரு பல்லில் சுற்று கூடிவிட்டாலோ, வார்னிஷ் ஒரு பக்கம் திரண்டுவிட்டாலோ நடுங்கியே பேரிங்கைத் தின்றுவிடும். பந்தய ஆர்மேச்சரைச் சமன் செய்ய, கனமான பக்கத்து இரும்பில் துளி ஆழத்துக்குத் துளை போடுவார்கள், அல்லது லேசான பக்கத்தில் எபாக்ஸி வைப்பார்கள். கம்பி விலகாமல் இருக்கவும் எபாக்ஸிதான் கை கொடுக்கும்.

இரண்டாவது, கம்யூட்டேட்டர். மூன்றே துண்டு செம்பு. நல்ல வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கார்பன் ஓடிய தடம் காப்பிப் பொடி நிறத்தில் ஒரே சீராக இருந்தால் நலம். ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் கரிந்த கோடு இருந்தால், கார்பன் துள்ளித் துள்ளித் தீப்பொறி விட்டிருக்கிறது. ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், செம்பு வட்டம் இழந்திருக்கலாம். இந்தச் சின்னக் கம்யூட்டேட்டருக்கு எமரித் தாளைக் காட்டாதீர்கள். அதன் துகள் செம்பில் பதிந்து கார்பனை அரம் போல அராவும். ஆர்மேச்சர் கடைவதற்கென்றே உள்ள குட்டி லேத்தில் தலைமுடி அளவு சீவி, துண்டுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் செம்புத்தூள் தங்காமல் சுத்தம் செய்தால் போதும்.

பையன் கட்டுப்பாடு உள்ள வகுப்பில் ஓடுகிறானா என்று முதலில் கேளுங்கள். அங்கே பரிசோதகர் கம்பியின் தடையை அளந்து பார்ப்பார். உங்கள் கைவேலை பிரமாதமாக இருந்தால் அவன் போட்டியிலிருந்து நீக்கப்படுவான்!

கேள்வி: இதெல்லாம் ஜப்பான்காரன் விளையாட்டு. தமிழனுக்கும் குட்டி மோட்டாருக்கும் என்ன சம்பந்தம்?
– பெருமூச்சு விடுபவர், கோவில்பட்டி

பதில்: பெருமூச்சைப் பாதியில் நிறுத்துங்கள். இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டார் என்று சொல்லப்படுவது 1937-இல் கோயம்புத்தூரில் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து செய்தது. அதே ஜி.டி.நாயுடு 'ரேசண்ட்' என்ற சவரக் கருவியையும் உருவாக்கினார். அதற்குள் இருந்தது டார்ச் செல் போன்ற உலர் மின்கலத்தில் ஓடும் சிறு மோட்டார். பேட்டரி, சின்ன மோட்டார், குறைந்த மின்சாரத்தில் நிறைய வேலை: உங்கள் ரிமோட் காரின் பிரச்சினையும் இதேதான். அவர் அதில் தாடியை மழித்தார், நீங்கள் டயரை.

ஜப்பான் பங்கையும் மறுக்க வேண்டாம். மாபுச்சி மோட்டாரும் டாமியா காரும் இல்லாமல் இந்த விளையாட்டு இல்லை. டாமியாவின் முதல் மின்சார ரிமோட் கார் 1976-இல் வந்த போர்ஷே 934. அசலில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதைச் செய்வதற்காக அந்த நிறுவனத்தின் ஷுன்சாகு டாமியா ஒரு நிஜ போர்ஷே காரையே வாங்கிப் பிரித்துப் பார்த்தார். சூரங்குடித் தாய் கவனிக்க: மிக்ஸியோடு போயிற்று.

கேள்வி: உலகத்தின் முதல் ரிமோட் கார் எது?
– பொது அறிவு, சாயல்குடி

பதில்: கார் வருவதற்கு முன்பே படகு வந்துவிட்டது. 1898-இல் நியூயார்க்கின் மாடிசன் சதுக்க அரங்கில் நிக்கோலா டெஸ்லா, ரேடியோ அலையால் ஒரு சிறு படகை ஓட்டிக் காட்டினார். பேட்டரி, மின்மோட்டார் எல்லாம் உள்ளேயே இருந்தன. கடற்கரைக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: யூடியூபில் வெளிநாட்டுக்காரர் சொன்ன அதே பினியன், அதே டைமிங் வைத்தேன். ஐந்தே நிமிடத்தில் மோட்டார் வெந்துவிட்டது. ஏமாற்று வேலையா?
– கை சுட்டவர், வைப்பார்

பதில்: அவர் ஏமாற்றவில்லை, அவருடைய ஊரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஓட்டினார். ஓட்டத்தில் மோட்டார் 45 டிகிரி சூடு ஏறுகிறது என்று வையுங்கள். அங்கே வெயில் 20 டிகிரி, முடியும்போது 65. இங்கே சித்திரையில் 40 டிகிரி, முடியும்போது 85. அதோடு நிற்காது. செம்பு ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் தடையைக் கூட்டிக்கொள்ளும். 40-லிருந்து 85-க்குப் போனால் தடை 18 சதவீதம் வரை கூடிவிடும். கூடிய தடை மேலும் சூட்டைக் கொடுக்கும்.

காந்தமும் பொறுமை இழக்கும். வெள்ளி மோட்டாரின் ஃபெரைட் காந்தம் சூட்டில் சோர்ந்து, ஆறியதும் தேறிவிடும். பிரஷ்லெஸ் மோட்டாரின் நியோடிமியம் காந்தம் சாதாரண ரகமாக இருந்தால் 80 டிகிரியைத் தாண்டியபின் இழந்த பலம் திரும்பாது. 'போன மாதம் பறந்தது, இப்போது ஏனோ மந்தமாக இருக்கிறது' என்கிற மோட்டார்கள் பெரும்பாலும் இப்படி ஒரு மத்தியானத்தில் கெட்டுப்போனவைதான்.

நம்ம ஊருக்கு விதி எளிது. வெளிநாட்டு அளவிலிருந்து பினியனில் (மோட்டார் தண்டில் மாட்டும் சின்னப் பல்சக்கரம்) இரண்டு பல் குறையுங்கள். இரண்டு நிமிடம் ஓட்டி நிறுத்தி, வெளிக்கூட்டின் சூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடப் பந்தயத்தின் முடிவில் 70 டிகிரிக்குள் நின்றால் அடுத்த முறை ஒரு பல் ஏற்றலாம். காலை ஆறு மணிக்குச் சரியாக இருந்த பல், பிற்பகல் இரண்டு மணிக்குச் சரியாக இருக்காது. பையில் மூன்று பினியனாவது இருக்கட்டும்.

கேள்வி: சூடு பார்க்க, கொரோனா சமயத்தில் வாங்கிய நெற்றித் துப்பாக்கி போதுமா?
– எதையும் வீணாக்காதவர், புதூர்

பதில்: அது மனிதருக்கு. 42, 43 டிகிரிக்கு மேல் 'ஹை' என்று காட்டிவிட்டு ஒதுங்கிவிடும். ஏ.சி. மெக்கானிக்குகள் வைத்திருக்கும் தொழிற்சாலை ரகம் வேண்டும். பளபளப்பான உலோகத்தில் அதுவும் பொய் சொல்லும். மோட்டாரில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் ஒரு துண்டு ஒட்டி அதன் மேல் குறிவையுங்கள்.

கேள்வி: பினியன், ஸ்பர் இரண்டையும் எவ்வளவு நெருக்கி வைப்பது? கண்ணால் பார்த்தால் தெரியவில்லை.
– நோட்டுப் புத்தகத்தோடு காத்திருப்பவர், நாகலாபுரம்

பதில்: நோட்டிலிருந்தே ஒரு கீற்றைக் கிழியுங்கள். பினியனுக்கும், அது சுழற்றும் பெரிய பல்சக்கரமான ஸ்பருக்கும் நடுவே அந்தக் கீற்றைக் கொடுத்து, மோட்டாரை நெருக்கி ஸ்க்ரூவை இறுக்குங்கள். பிறகு கீற்றை உருட்டி வெளியே எடுங்கள். கிழியாமல், பல் தடம் மட்டும் பதிந்து, மடிப்பு மடிப்பாக வந்தால் சரி. கிழிந்து வந்தால் இறுக்கம். தடமே விழவில்லை என்றால் தளர்ச்சி. இறுக்கமாக வைத்துவிட்டு மோட்டார் சூடாகிறது என்று கடைக்காரரிடம் சண்டை போடுகிறவர்கள் உண்டு.

கியர் விகிதக் கணக்கையும் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்பர் பல்லைப் பினியன் பல்லால் வகுத்து, வண்டியின் உள்விகிதத்தால் பெருக்க வேண்டும். டாமியா டிடி-02 காரில் ஸ்பர் 70, பினியன் 22, உள்விகிதம் 2.6. வருவது 8.27. அதாவது மோட்டார் எட்டேகால் சுற்று, சக்கரம் ஒரு சுற்று.

கேள்வி: புது மோட்டாரைத் தண்ணீரில் முக்கி ஓட்டினால் வேகம் பிறக்குமாமே?
– நீச்சல் தெரிந்தவர், வேம்பார்

பதில்: பிரஷ் மோட்டாருக்கு மட்டும் உரிய வைத்தியம் அது. புதுக் கார்பனின் முகம் தட்டையாக இருக்கும், கம்யூட்டேட்டரோ உருண்டை. இரண்டும் முழுசாகத் தொட்டுக்கொள்ளும்வரை தேய வேண்டும். சுமையில்லாமல் இரண்டு, மூன்று வோல்ட்டில் கொஞ்ச நேரம் மெதுவாகச் சுற்றவிட்டாலே தேய்ந்துவிடும். தண்ணீரில் விட்டால் சீக்கிரம் தேயும், சூடு ஏறாது, கார்பன் தூளும் கழுவிப் போகும். ஆனால் உங்கள் பக்கத்து போர் தண்ணீரின் உப்பு ஊரறிந்தது. முக்கியே ஆக வேண்டுமென்றால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். பிறகு நன்றாக உலர்த்தி, இரு முனைப் புஷ்ஷிலும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் தலைக்கு மட்டும்.

கேள்வி: கடற்கரை மணலில் ஓட்டினால் அழகாக இருக்குமே?
– ரீல்ஸ் எடுப்பவர், தருவைகுளம்

பதில்: ரீல்ஸுக்கு அழகு, மோட்டாருக்குக் கடைசி ரீல். கடற்கரை மணலில் ஒரு காந்தத்தை உருட்டிப் பாருங்கள், கறுப்பு மணிகள் மீசை போல ஒட்டிக்கொண்டு வரும். மோட்டாரின் கூட்டுக்குள் இருப்பதும் காந்தம்தான். ஒட்டியது உதறினாலும் போகாது. ஆர்மேச்சருக்கும் காந்தத்துக்கும் நடுவே அரைத்துக்கொண்டே இருக்கும். போதாததற்கு உப்புக் காற்று. பேரிங் ஒரு வாரத்தில் கரகரக்கும்.

கேள்வி: அப்படியானால் எங்கள் கரிசல் காட்டில்?
– விடாப்பிடியானவர், விளாத்திகுளம்

பதில்: கோடையில் கரிசல் வெடிப்பு காரையே விழுங்கும். ஐப்பசியில் மண் டயரில் அப்பி, காரின் எடை இரண்டு மடங்காகும். கதிரடிக்கும் சிமென்ட் களமோ, பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்துத் தளமோ போதும். நான்கு பழைய டயர், கொஞ்சம் சுண்ணாம்புப் பொடி, டிராக் தயார். களத்தில் மிளகாய் காயப்போட்ட மறுநாள் வேண்டாம். மோட்டார் தும்மாது, நீங்கள் தும்முவீர்கள்.

கேள்வி: விளாத்திகுளம் நல்லப்ப சுவாமிகள் ராகத்தை மணிக்கணக்கில் விரித்த ஊர். மோட்டார் சத்தத்தில் சுருதி உண்டா என்று கேட்டால் சிரிப்பீர்களா?
– பாட்டு ஆசிரியை, விளாத்திகுளம்

பதில்: சிரிக்க மாட்டேன், இந்த வாரத்தின் நல்ல கேள்வியே உங்களுடையதுதான். ஒரு கட்டை சுருதி என்பது செகண்டுக்கு ஏறக்குறைய 262 அதிர்வு. அறுபதால் பெருக்கினால் நிமிடத்துக்கு 15,700. சாதாரண வெள்ளி மோட்டார் 7.2 வோல்ட்டில் சும்மா சுற்றும் வேகம் அதை ஒட்டித்தான் வரும். ஆக அது ஒரு கட்டைப் பாடகர்! ஐந்து கட்டைக்கு 392 அதிர்வு, அதாவது 23,500 சுற்று. அது கொஞ்சம் வேகமான மோட்டாரின் குரல்.

அடிச்சுருதியோடு அதன் மடங்குகளும், பல்சக்கரத்தின் கீச்சும் கலந்தே கேட்கும். ஆனாலும் பயன் உண்டு. பினியனைக் கழற்றிவிட்டு, ஒரே மாதிரி இரண்டு மோட்டாரை ஒரே பேட்டரியில் ஓட்டி, செல்போனில் சுருதி காட்டும் செயலியை அருகில் பிடியுங்கள். எது மேலே பாடுகிறதோ அது வேகம். ஒரே சுருதியில் நிற்காமல் ஊசலாடினால் கார்பனையோ பேரிங்கையோ கவனிக்க வேண்டும். காரில் மாட்டிச் சுமை கொடுத்ததும் சுருதி எவ்வளவு குறைவாக இறங்குகிறது என்பதில்தான் மோட்டாரின் உண்மையான பலம் தெரியும். நல்ல காது உள்ளவர் தெர்மாமீட்டருக்கு முன்பே நோயைக் கண்டுபிடித்துவிடுவார். உங்கள் மாணவர்களில் ஒருவரை எங்கள் பக்கம் அனுப்புங்கள்.

கேள்வி: மோட்டாரின் பின்னால் மிளகு அளவில் ஏதோ பற்றவைத்திருந்தது. எடை குறையட்டுமே என்று வெட்டிவிட்டேன். அதிலிருந்து ஸ்டியரிங் தானாக ஆடுகிறது. பேயா?
– தனியாக உறங்காதவர், எட்டயபுரம்

பதில்: வெட்டியது மின்தேக்கி, அதில் 104 என்று எழுதியிருந்திருக்குமே. கார்பன் விடும் தீப்பொறி ரேடியோ இரைச்சலைக் கிளப்பும். அதை விழுங்கத்தான் அந்த மிளகு. திரும்பப் பற்றவையுங்கள், பேய் இறங்கிவிடும்.

கேள்வி: பந்தயத்தில் ஸ்பீடு கன்ட்ரோலர் விளக்குச் சிமிட்டினால்தான் அனுமதிப்போம் என்றார்கள். ஏன் இந்தக் கண்ணடிப்பு?
– முதல் முறை போட்டியிட்டவர், கோவில்பட்டி

பதில்: பிரஷ்லெஸ் மோட்டாருக்கு இரண்டு இடத்தில் டைமிங் கூட்டலாம். ஒன்று, மோட்டாரின் மூடியைத் திருப்பி. இன்னொன்று, கன்ட்ரோலருக்குள் மென்பொருளால். அதற்கு 'பூஸ்ட்', 'டர்போ' என்று பெயர். இரண்டாவதைப் பூஜ்யத்தில் வைத்திருக்கிறீர்கள் என்பதற்கு அந்தச் சிமிட்டல் சாட்சி. கையில் திருப்பிக் கூட்டுவது திறமைக் கணக்கு, மென்பொருளில் கூட்டுவது வேறு வகுப்பின் கணக்கு.

கேள்வி: லிப்போ பேட்டரி வெடிக்கும் என்று வீட்டில் வாங்கித் தர மறுக்கிறார்கள். நீங்களாவது சொல்லுங்கள்.
– சிபாரிசு தேடுபவர், சூரங்குடி

பதில்: வீட்டார் பக்கம்தான் நான். லிப்போ நல்லவன், ஆனால் கோபக்காரன். இரண்டு செல் பேட்டரி முழுதாக ஏறினால் 8.4 வோல்ட், அதற்கு மேல் ஏற்றாதீர்கள். ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவும் விடாதீர்கள். சார்ஜ் போட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். பல நாள் ஓட்டப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள். உப்பிப்போனதைக் குத்திப் பார்க்காதீர்கள். பூட்டிய காருக்குள் வெயிலில் விடாதீர்கள். இந்த ஆறையும் எழுதி, கையெழுத்துப் போட்டு, அப்பாவிடம் நீட்டுங்கள். பாதி சம்மதம் அங்கேயே கிடைக்கும்.

கேள்வி: தூத்துக்குடி வின்ஃபாஸ்ட் கார் மோட்டாரும் என் பொம்மை மோட்டாரும் ஒன்றா? வேலை கிடைக்குமா?
– டிப்ளமோ முடித்தவர், விளாத்திகுளம்

பதில்: 2025 ஆகஸ்ட் 4-இல் திறந்த ஆலை அது, தொடக்கத் திறன் ஆண்டுக்கு 50,000 கார். இன்றைய மின்கார்களில் பெரும்பாலானவற்றின் அடிப்படை உங்கள் பிரஷ்லெஸ் மோட்டாருடையதுதான்: சுழலும் பாகத்தில் காந்தம், சுற்றிலும் மூன்று கட்டச் சுருள், எப்போது எந்தச் சுருளுக்கு மின்சாரம் என்று முடிவெடுக்க ஒரு கன்ட்ரோலர். நெடுஞ்சாலை வேகத்தில் காந்தப் புலத்தைத் தளர்த்தி வேகத்தை நீட்டிப்பார்கள். நீங்கள் டைமிங்கை ஏற்றுவதற்கு அது பெரியப்பா முறை. சூடுதான் அங்கேயும் எதிரி. அதற்காகத் தனியே குளிர்விக்கும் திரவம் ஓடவிடுகிறார்கள்.

வேலைக்கு நான் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் நேர்முகத் தேர்வில் 'மோட்டார் ஏன் சூடாகிறது' என்று கேட்டால், மனப்பாடம் செய்தவர் ஒரு வரி சொல்வார். நீங்கள் விரலைக் காட்டுவீர்கள்.

கேள்வி: ரிமோட் கார் ஓட்ட லைசென்ஸ் வேண்டுமா? ட்ரோனுக்கு வேண்டுமாமே?
– சட்டத்தை மதிப்பவர், குளத்தூர்

பதில்: 2021 ட்ரோன் விதிகள் பறப்பவற்றுக்கு. உங்கள் கார் பறக்காத வரை கவலையில்லை. ரிமோட் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கும் தனி உரிமம் கிடையாது. மதுரை ரோட்டில் மட்டும் ஓட்டாதீர்கள். லாரிக்காரருக்கு உங்கள் மோட்டாரின் டர்ன் தெரியாது.

கேள்வி: நான் ஏழாம் வகுப்பு. உண்டியலில் கொஞ்சம் காசு இருக்கிறது. எந்த மோட்டார் வாங்கட்டும்?
– பள்ளி மாணவி, விளாத்திகுளம்

பதில்: பிரஷ்லெஸ் வேண்டாம் பாப்பா, இப்போதைக்கு. விலை குறைந்த 27 டர்ன் வெள்ளி மோட்டாரே வாங்கு. மூன்று பினியன், ஒரு சொட்டு எண்ணெய், ஒரு நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பினியன் பல், வெயில், ஓடிய நிமிடம், முடிவில் மோட்டார் சூடு என்று நான்கையும் எழுது. என்றைக்காவது ஒருநாள் ஆசையில் பெரிய பினியனைப் போட்டு அதை எரித்துவிடுவாய்; எல்லாரும் எரித்திருக்கிறார்கள். எரிந்ததும் அழாமல் நோட்டைப் புரட்டு. ஏன் எரிந்தது என்று கண்டுபிடித்து எனக்குக் கடிதம் எழுது. காரணம் சரியாக இருந்தால் அடுத்த மோட்டாரைப் பற்றிப் பேசுவோம். தப்பாக இருந்தால் வைண்டிங் கடை அண்ணாச்சியிடம் போ. அவர் ஆர்மேச்சரை மோந்து பார்த்தே சொல்லிவிடுவார்.